பேரன் படிக்கிற புளியும் சுண்ணாம்பும்

என்ன மனே, விடிஞ்சதில இருந்து "அமிலமும் மூலமும் சேந்தா உப்பும் தண்ணியும்" எண்டு மாரித் தவளை மாதிரிக் கத்துறாய்? ஓ.எல். எடுக்கிறவன் கத்தத்தான் வேணும். ஆனா நேத்து உன்ட அம்மம்மா சூடை மீன் கழுவக்குள்ள மூக்கப் பொத்திக்கொண்டு ஓடினியே, பாடம் அங்கதான் கிடந்தது.

அந்த வெடுக்க, படிச்சவங்க ட்ரைமீதைல் அமீன் எண்டுறாங்க. அது ஒரு மூலம். காத்தில பறந்து வந்து மூக்கில ஏறும். கிழவி என்ன செஞ்சா? கொறுக்காய்ப்புளி போட்டா. புளியோட சேந்து அது உப்பாயிற்று. உப்புக்குப் பறக்கத் தெரியா. மறுகா, கோப்பையோட மொதல்ல வந்து குந்தின ஆள் ஆரு?

அமிலமா மூலமா எண்டு அளக்கிற பி.எச். எண்ட அளவு 1909ல வந்தது. டென்மார்க்கில சோரன்சன் எண்டவர், பியர் செய்யிற கால்ஸ்பெர்க் கம்பனிட ஆய்வுகூடத்தில இருந்து கண்டுபிடிச்சது. அதுக்காக நீ கள்ளுக்கொட்டிலில இருந்து படிக்கப்போறன் எண்டு வெளிக்கிடாத. ஒரு படி மாறினா பத்து மடங்கு மாறும். தேசிக்காய்ப்புளி 2க்குக் கிட்ட, சுண்ணாம்புத் தண்ணி 12க்கு மேல, நல்ல தண்ணி 7. ஊருக்குள்ள "நான் நடுநிலை" எண்டு நெஞ்ச நிமித்துறவங்களும் 7தான். புளிக்கவும் மாட்டாங்க, சுடவும் மாட்டாங்க, ஒண்டுக்கும் உதவவும் மாட்டாங்க.

ஆலாத்தித் தண்ணி ஏன் சிவக்குது? மஞ்சளில சுண்ணாம்பு விழுந்ததால. தேசிக்காய் பிழிஞ்சி விடு, திரும்பவும் மஞ்சளாகும். காட்டி எண்டு நீ பாடமாக்கிறது இதத்தான். அப்ப, பாசிச்சாயத்தாள் வாங்க எண்டு என்னட்டப் புடுங்கின 200 ரூவா எங்க மனே?

தாள் எண்டதும் ஞாபகம் வருது. 1950களில வாழைச்சேனையில காகித ஆலை வந்திச்சி. வைக்கோலச் சோடாக்காரத்தில அவிச்சித்தான் அங்க தாள் எடுத்தாங்க. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில, ஆனையிறவு உப்பக் கரைச்சி மின்சாரம் பாய்ச்சிச் சோடாக்காரம் எடுத்தாங்க. நீ காரத்தில இருந்து உப்புக்குப் போறாய். அவங்க உப்பில இருந்து காரத்துக்குப் போனாங்க. சமன்பாட்டத் திருப்பியும் வாசிக்கத் தெரிஞ்சவன்தான் தொழிற்சாலை கட்டுவான். ஒரு பக்கமா வாசிக்கிறவன் அங்க வேலைக்கு மனுப் போடுவான்.

இன்னுமொண்டு. ஆய்வுகூடத்தில புளிக்குதா எண்டு நக்கிப் பாத்துராத. தண்ணிக்குள்ள அமிலத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. அமிலத்துக்குள்ள தண்ணிய ஊத்தினா கொதிச்சி மூஞ்சியில தெறிக்கும். மறுகா உனக்குப் பொம்புள பாக்கிற பாடு எனக்கு.

சரி, புத்தகத்த மூடு. வட்டாவ இழுத்து எனக்கொரு வெத்திலை மடி. சுண்ணாம்பு கூடினா வாய் வேகும், குறைஞ்சா சிவக்காது. செய்முறைப் பரீட்சை இதுதான்; புள்ளி போடுறது என்ட நாக்கு.