இருநூற்று முப்பதில் ஒரு இழுப்பு

வடை பொரிக்கும் எண்ணெய்க்கே ஏறக்குறைய 180 டிகிரி போதும். ஆனால் ஸ்ட்ரெய்ட்னரில் 230 வரை எண் இருக்கிறதே! காசு கொடுத்து வாங்கியதை முழுசாக வசூலிக்காமல் விட முடியுமா? மெல்லிய முடிக்கு 150 தாராளம் என்று சொன்னால், "அது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று பதில் வரும்.

குளித்த ஈரம் காயுமுன் இழுப்பது இன்னொரு வீரம். ஸ்ஸ் என்று ஆவி பறக்கும். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்துக் குமிழி விடும் சத்தம் அது. அதையே "நல்லா வேலை செய்யுது" என்று ரசிப்பார்கள். வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே ரசாயனமாம், வேண்டாமாம். அதே வாயால், "அக்கா, இந்தக் கற்றையை இன்னும் நாலு தடவை இழுங்க!" பொறுமையாக ஒரே இழுப்பில் முடிகிற வேலை.

இவ்வளவு சூட்டில் உடைவது முடியின் புரதமான கெரட்டினின் ஹைட்ரஜன் பிணைப்புகள். கொஞ்சம் ஈரம் பட்டாலே அவை பழையபடி சேர்ந்து, சுருளும் திரும்பிவிடும். சென்னைக் காற்றுக்கு அதைவிட வேறென்ன வேலை? அதுவும் போதாதென்று, கல்யாண மண்டப வாசலில் அத்தை காத்திருப்பார், ஈரத்துணியில் சுற்றிய இரண்டு முழம் மல்லிகையோடு.