கடல் காணாத் தாம்பரமும் கப்பலேறும் ஆசையும்: ஒரு முன்னாய்வு

தாம்பரம் எந்தத் திணையைச் சேர்ந்தது என்று தீர்க்காமல் கப்பல் பயணம் பற்றிப் பேசப் புகுவது ஆய்வு முறையன்று. பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளை நோக்கினால் குறிஞ்சி. சேலையூர், செம்பாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்கரணை ஏரிகளை நோக்கினால் மருதம். இருட்டிய பிறகும் லோக்கல் ரயிலில் வந்து சேராதவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் முல்லைக்குச் சான்று. மே மாத நண்பகலில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க நேர்ந்தவர் அது பாலையே என்பதில் ஐயம் கொள்ளார்.

நெய்தல் மட்டும் இல்லை. தாம்பரத்துக்கு வாய்த்த ஒரே கடற்கரை, மின்சார ரயிலின் நெற்றியில் எழுதியிருப்பது. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நின்றுகொண்டே போய்க் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் கண்ணில் படுவது ராஜாஜி சாலை, அதற்கப்பால் துறைமுகம். கடல் அதற்கும் பின்னால் இருப்பதாக நம்பப்படுகிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் வாழ்பவரைக் கப்பலுக்கு இழுப்பது எது? பழகிய கரையை ஒட்டிய பாதையா, அல்லது பாட்டு, பக்தி, பழங்கதை என்று ஏதாவதொரு 'தீம்' வைத்துக் கட்டிய பயணமா? இதுவே ஆய்வு வினா. எவரும் கேட்கவில்லை என்பது வினாவின் சிறப்பைக் குறைக்காது.

வினா பிறந்த நாள் 2022 ஜூன் 4. அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்னும் பதினொரு தளக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. சீட்டு இரு வகை. இரண்டு இரவு ஆழ்கடலுக்குப் போய்ச் சென்னைக்கே திரும்புவது ஒன்று. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று கரையோரமாகச் சுற்றி வருவது இன்னொன்று. தென்சென்னைப் புறநகருக்கு இந்த ஆசை திடீரென்று வந்ததும் இல்லை. கானத்தூரில் இயங்கும் அமெட் கடல்சார் பல்கலைக்கழகத்தார் 2011-லேயே 'அமெட் மெஜஸ்டி' என்ற சொகுசுக் கப்பலைச் சென்னையிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். அந்த ஓட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை.

தரவுகள் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்திலும், கேம்ப் ரோடு டீக்கடை ஒன்றிலும், முடிச்சூர் சாலை அடுக்ககம் ஒன்றின் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிப் பிரச்சினை ஓய்ந்த பிறகு கிடைத்த நேரத்திலும் திரட்டப்பட்டன. சதவீதம் தரப்படவில்லை. நான்கு பேரைக் கேட்டால் ஐந்து கருத்து வருவதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டிவிடுகிறது.

அறிஞர் உலகம் இங்கே தண்டவாளத்தால் இரண்டாகப் பிளவுபட்டிருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தார் பாதைவாதிகள். கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியே கடலுக்குச் சாலை தங்கள் பக்கம் இருப்பதால், கடல் பற்றிய விஷயங்களில் இறுதித் தீர்ப்பும் தங்களுடையதே என்று எண்ணுபவர்கள். மேற்குத் தாம்பரத்தார் தீம்வாதிகள். கப்பல் எங்கே போனாலென்ன, உள்ளே என்ன போடுகிறார்கள் என்பதே அவர்கள் கேள்வி. "போடுகிறார்கள்" என்பது கச்சேரியையும் குறிக்கும், சாப்பாட்டையும் குறிக்கும். பெரும்பாலும் பின்னதையே குறித்தது.

பாதைவாதம்தான் முதலில் சரிந்தது. அதுவும் ஒரே உரையாடலில்.

"புதுச்சேரிக்குக் கப்பல்ல போவீங்களா சார்?"

"எதுக்கு? கிளாம்பாக்கத்துல பஸ் ஏறுனா மூணு மணி நேரம். காலைல டிபனை முடிச்சிட்டுக் கிளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம்."

கேம்ப் ரோட்டில் கிடைத்த இந்த விடையிலிருந்து ஆய்வின் தலையாய விதி பெறப்பட்டது. அதைப் பேருந்துக் கட்டண விதி என்க. ஓர் ஊருக்குப் பஸ் உண்டாயின், அவ்வூருக்குச் செல்லும் கப்பலின் கட்டணம் பஸ் கட்டணத்தோடு வைத்தே எடை போடப்படும், நீச்சல் குளம் எத்தனை இருப்பினும். பழகிய கரை கப்பல்காரருக்குப் பகை. கரை பழகியதென்றால் கட்டணமும் பழகியதே.

திசைக் கணக்கும் இதோடு சேர்ந்துகொள்கிறது. புதுச்சேரி தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. கப்பலில் போகும் தாம்பரவாசி முதலில் மின்ரயிலேறி வடக்கே துறைமுகத்துக்குப் போக வேண்டும். பிறகு வந்த தூரத்தையெல்லாம் கடலில் தெற்காகத் திரும்பக் கடக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் தம் வீட்டுக்கு நேர் கிழக்கே மிதந்துகொண்டிருப்பார். மேல்தளத்தில் நின்று மேற்கே நோக்கி, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறதோ என்று கவலைப்படுவதற்கு இதைவிட விலையுயர்ந்த இடம் தமிழ்நாட்டில் இல்லை.

இவ்வளவு செய்தும் 2022 ஜூனில் புதுச்சேரியில் இறங்க முடியவில்லை. சூதாட்டம் முதலியவற்றைக் காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்தது. துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன், பண்பாட்டுக்கு ஒவ்வாதவற்றை அனுமதிக்க முடியாது என்ற நிலையை எடுத்தார். கப்பல் கரைக்கு எதிரே வந்து நின்றுவிட்டுப் போயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கப்பல் 1990-ல் பிரான்சின் செயின்ட் நசேரில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டது. பிரெஞ்சு வாசனையைச் சுற்றுலாவாக விற்கும் ஊர், அசல் பிரெஞ்சுக் கப்பலை வாசலில் நிறுத்திவைத்தது. பயணிகள் அங்கே இறங்கியது 2025 ஜூலையில்தான். அதே மூன்றாண்டில் பஸ்ஸில் போனவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்று பாதைவாதிகளே ஒப்புக்கொண்டார்கள்.

இனி இரண்டு இரவுச் சீட்டை நோக்குவோம். கப்பல் எந்த ஊருக்கும் போவதில்லை. நிகழ்ச்சி நிரலில் ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஹை சீ' என்று இருக்கும். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை நாட்டின் கடல் எல்லை. அதைத் தாண்டிய பிறகுதான் கேசினோ திறக்க முடியும். தாம்பரக் கணக்கில் சொன்னால், ரயிலில் ஏறத்தாழ நுங்கம்பாக்கம் வரை போகிற தூரம். அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவதற்கு ஆயிரக்கணக்கில் பணமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கேட்டுப் பார்த்ததில், புதுச்சேரிச் சீட்டைக் கேலி செய்த அதே வாய்கள் இதைக் கேலி செய்யவில்லை. விதியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஆழ்கடலுக்குப் பஸ் இல்லை. ஒப்பிட ஒரு கட்டணம் இல்லாத இடத்தை ஊராக விற்றவர் யாரோ, அவர் தாம்பரத்தை நன்கு அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தீம்வாதிகளின் வலுவான சான்று தூத்துக்குடியிலிருந்து வருகிறது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. இவையும் பிரான்சிலிருந்து வாங்கப்பட்டவை என்பதை மேற்சொன்ன நுட்பத்தின் தொடர்ச்சியாகக் குறித்துக்கொள்க. பாதையோ ஏற்கெனவே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தேய்த்து வைத்திருந்த பாதை. புதிய காட்சி ஒன்றுமில்லை. ஏறியவர்கள் ஏறியது சுதேசிக்காக. நாமறிந்த முதல் தீம் பயணம் இதுவே எனலாம். அதில் பொழுதுபோக்கு மட்டும் கிடையாது.

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் இலவசம் என்றது, அதற்கும் மேலே ஒரு குடையும் தருவதாகச் சொன்னது என்று வ.உ.சி. வரலாறுகள் கூறும். மக்கள் இலவசத்தை உதறிச் சுதேசிக் கப்பலையே நாடினர் என்பார் ஒரு சாரார். குடை வந்த பின் சுதேசிக் கப்பலில் கூட்டம் குறைந்தது என்பார் மற்றொரு சாரார். இவ்விடத்தில் டீக்கடையில் விவாதம் சூடேறியது. குடை மடக்கும் குடையா, தாத்தா குடையா என்ற கேள்வியை ஒருவர் எழுப்ப, 1907-ல் மடக்கும் குடை ஏது என்று இன்னொருவர் அடக்கினார். எது எப்படியோ, 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 'காலியா' போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. தீம் ஒன்றை முறியடிக்க இலவசம், குடை, சிறை மூன்றும் தேவைப்பட்டன என்றால் அதன் வலுவைக் குறைத்து மதிப்பிட முடியாது. இன்றைய கப்பல்காரர்கள் தாண்டியா இரவு நடத்துகிறார்கள். அதை முறியடிக்கக் குடை ஒன்றே போதும்.

தீம்வாதிகளுக்கு வீட்டருகேயே இன்னொரு சான்று உண்டு. 1934-ல் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய நண்பர் கூட்டத்தோடு பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். அதிலிருந்துதான் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை பிறந்தது. இன்று ஓ.எம்.ஆரில் அலுவலக வண்டிகள் நெரியும் அதே தடத்துக்குப் பக்கத்து நீர்வழி அது. காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் இல்லாவிட்டால் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுப்பு. உடன் வருபவர்கள் அப்படிப்பட்டவர்களாக இருந்தால் வண்டி எதுவானால் என்ன? அதே கால்வாயில் இன்று தனியாகப் படகேறச் சொன்னால் பாரதிதாசனே மூக்கைப் பொத்துவார்.

உலகத் தரவுகளும் கூட்டத்தில் வைக்கப்பட்டன. 2011 முதல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஹெவி மெட்டல் இசைக்கென்றே ஒரு கப்பல் போகிறது என்றபோது, "நம்ம ஊர்ல மார்கழிக் கச்சேரிக்கு விடலாமே, கேன்டீன் சரியா இருந்தா" என்ற ஆக்கபூர்வமான யோசனை வந்தது. டைட்டானிக் மூழ்கி நூறாண்டான 2012-ல் 'பால்மோரல்' என்ற கப்பல் அதே தடத்தில், அக்கால உடையணிந்த பயணிகளோடு போய் அஞ்சலி செலுத்தியது என்றபோது நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஓர் அம்மா கேட்டார்: "மூழ்கின கப்பல் போன வழியிலயா? காசு குடுத்தா?" கருதுகோளுக்கு இது சாதகமா பாதகமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

தீம் என்பதே இல்லாமல் ஓடியவையும் உண்டு என்பதைத் தீம்வாதிகள் மறைக்கப் பார்த்தார்கள். 'ரஜூலா' 1926-லிருந்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடியது. தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற இடமிருந்தது. டிரங்குப் பெட்டியும் பாயும்தான் அலங்காரம். பினாங்குக்குப் பஸ் இல்லை என்பதைத் தவிர வேறு விளம்பரம் அதற்குத் தேவைப்படவில்லை. 2023 ஜூனில் 'எம்ப்ரஸ்' அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியபோதும், அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' ஓடியபோதும் பஸ் கட்டணத்தை எடுத்துப் பேசியவர் இல்லை. காங்கேசன்துறையில் இறங்கினால் பேச்சும் சோறும் பழகியவை, வழி மட்டும் பழகாதது. விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

எதிர்ச் சான்றாக 2015 டிசம்பரைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் இரவோடு இரவாக நெய்தலாயின. படகுகள் தெருவுக்குள் வந்தன. பாதை இதைவிடப் பழகியதாக இருக்க முடியாது, சொந்தத் தெரு. கட்டணம் இல்லை. மடியில் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும். பேருந்துக் கட்டண விதி இங்கே செல்லாது. படகிலிருந்து இறங்கியவர் எவரிடமும் நான் ஆய்வு வினாவைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் முன்னால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை நங்கூரமிடும் பழக்கம் தனி ஆய்வுக்கு உரியது.

எஞ்சியிருப்பது தொல்காப்பியத் தடை. பெண்களோடு கடல்வழிப் பயணம் செல்லும் வழக்கமில்லை என்கிறது அகத்திணையியல். ஆனால் கப்பல் கேபினுக்கு இருவர் என்றே விலை சொல்கிறார்கள். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவர் காசைக் கட்டவேண்டிவரும். ஆகவே இன்றைய வழக்கில் மனைவியின்றிக் கடல்வழி இல்லை என்றாயிற்று. இதற்குச் சொந்த உரை தந்த குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி, கப்பலில் சமைக்கவேண்டாம், பாத்திரம் கழுவவேண்டாம், இரண்டு நாளும் யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், இதற்குமேல் தனியாகத் தீம் எதற்கு என்றார். தீம்வாதிகள், பாதைவாதிகள் இரு தரப்பும் விடை சொல்லவில்லை. இரு தரப்பிலும் பேசியவர்கள் அதுவரை ஆண்களாகவே இருந்தது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது.

ஆயினும் பாதைவாதம் முற்றாக மடியவில்லை. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை, போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மீண்டும் ரயிலில் கொழும்பு என்று ஒரு வழி இருந்தது. அந்த ரயில் தாம்பரத்தின் வழியேதான் போயிற்று. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அன்று ராமேஸ்வரத்துக்கும் தாம்பரத்துக்கும் புதிய ரயிலும் தொடங்கியது. இதைக் கண்டு ஊக்கம் கொண்ட கிழக்குத் தரப்பினர், அடுத்த கட்டமாகத் தென்திசைக் கப்பல் ஒன்றுக்குக் கோரிக்கை மனு எழுத ஆரம்பித்தார்கள். புறப்படும் துறை, கட்டணம், தீம் என்று பத்தி பத்தியாகப் போய்க்கொண்டிருந்த மனு, பின்வரிசையிலிருந்து வந்த ஒரு கேள்வியால் நின்றது:

"எல்லாம் சரி சார். பெருங்களத்தூர்ல நிறுத்துவானா?"