பழி சுமக்கும் வில்

கனடாவில் இருக்கும் என் மச்சினன், கையில் இருக்கிற வில் போதாமல், ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்து இன்னொரு வில் வாங்க யோசிக்கிறான். துவக்கு இல்லை, வில்தான். அதுவும் கப்பி பூட்டிய நவீன வில் இல்லை. வேடன் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்து வில்லின் சாயலில், கைதேர்ந்தவர்கள் இழைத்து இழைத்துச் செய்து தரும் வேட்டை வில். “அத்தான், கேக்கிறன் எண்டு கோவியாதையுங்கோ, இதுக்கு இந்த விலை குடுக்கலாமோ?” என்று வட்ஸ்அப்பில் கேட்டான்.

குடாநாட்டில் குந்தியிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? இங்கே காடு ஏது, மான் ஏது? எங்களுக்குப் பழக்கமான வேட்டை, கோவிலில் நடக்கும் வேட்டைத் திருவிழா ஒன்றுதான். சுவாமி போவார், வருவார். என்ன பட்டது என்று எவரும் கேட்பதில்லை. அதற்கு அடுத்தது கெற்றப்போல். கொய்யாக் கவர், சைக்கிள் ரியூப், பழைய செருப்பிலிருந்து வெட்டிய தோல். மொத்தச் செலவு, செருப்புக்குச் சொந்தக்காரரிடம் வாங்கும் அடி. ஆனாலும் ஒரு யாழ்ப்பாணத்தான் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. “பொறு, விசாரிச்சுச் சொல்லுறன்” என்றேன்.

முதல் விசாரணை குசினியில். “அவன் மான் சுடப் போறானோ? கோழி உரிக்கிறதைப் பாத்திட்டு மூண்டு நாள் சோறு தின்னாதவன்” என்றாள் அவன் அக்கா. பிறகு டொலரை ரூபாயாக்கிப் பார்த்தாள். இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அதோடு அவள் வில்லைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுக் கிணற்று மோட்டரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

நான் புத்தகங்களையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விலை கூடிய வில்லின் சூட்சுமம் அதன் வளையும் இரு கைகளில் இருக்கிறது. மூங்கில் அல்லது மேப்பிள் மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, மேலும் கீழும் கண்ணாடி இழையோ கார்பனோ வைத்து ஒட்டுகிறார்கள். நுனியை எவ்வளவுக்கு இலேசாக்குகிறார்களோ, அவ்வளவுக்கு நாம் இழுத்த பலம் வில்லில் வீணாகாமல் அம்புக்குப் போய்ச் சேரும். சரி, அதனால் என்ன லாபம்? நல்லதொரு சாதாரண வில்லில் அம்பு செக்கனுக்கு 180 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை கூடிய வில்லில் 190 அடி போகட்டும். வேட்டைக்காரர் மானுக்கு வில் வளைக்கும் தூரம் ஏறக்குறைய 60 அடி. அந்தத் தூரத்துக்கு முதல் அம்புக்கு 0.33 செக்கன் வேண்டும், மற்றதற்கு 0.32. மிச்சம் பிடித்த நேரம் ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. கண் இமைக்க அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். மச்சினன் ஆயிரம் டொலருக்கு வாங்கப் போவது ஒரு இமைப்பின் சில்லறையை.

அந்தச் சில்லறையையும் மான் விட்டுவைப்பதில்லை. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,100 அடி ஓடும். நாணின் ‘டங்’ என்ற சத்தம், அம்பு பாதி வழிக்கு வரமுன்னமே மானின் காதுக்குப் போய்விடும். அது பாய்வதற்காகக் காலை மடித்துப் பதுங்கும். அம்பு முதுகுக்கு மேலால் போகும். இதற்காகவே நாணில் கட்டக் கம்பளிக் குஞ்சமும் பீவர் மயிரும் தனியாக விற்கிறார்கள். வில்லை ஊமையாக்கக் காசு கொடுக்கிற உலகம் அது. இங்கே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுகிற பெடியளிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் சிலாகையை வில்லாய் வளைத்து, நாணுக்குத் தட்டையான நார் இழுத்துக் கட்டி, ‘விண்’ என்று பட்டத்தின் தலையில் பூட்டுகிறார்கள். நார் கொஞ்சம் தொய்ந்தால் கூவாது, கூட இறுகினாலும் கூவாது; காதில் வைத்துச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக் கட்டுவார்கள். ஊர் முழுக்க நித்திரை கெட்டால்தான் அது நல்ல விண். குறியும் இல்லை, தப்புவதும் இல்லை. எனக்குத் தெரிந்த விற்களில் கொடுத்த காசுக்கு முழுவதும் உழைப்பது அது ஒன்றுதான்.

அடுத்தது தோள்பட்டை. ஒன்டாரியோவில் இந்த மாதிரி வில்லால் மான் வேட்டையாட, இழுவிசை குறைந்தது 18 கிலோ இருக்கவேண்டும் என்பது சட்டம்; மூஸ் என்கிற ராட்சத மானுக்கு 22 கிலோ. 18 லீற்றர் தண்ணீர் நிறைந்த வாளியை மூன்று விரலால் தூக்கி, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் தூரத்தில் இருக்கும் தேசிக்காயைப் பார்ப்பது போன்ற வேலை. மச்சினனுக்குச் சட்டை போடும்போதே தோள் பிடிக்கிறது. இதற்கு எந்தத் தச்சனிடமும் மருந்தில்லை.

பழைய ஆட்களிடம் கேட்போமே என்று சங்க காலத்துக்குப் போனேன். கொல்லிமலை வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைக் கொன்று, புலிக்குள் புகுந்து, மானை உருட்டி, பன்றியை விழுத்தி, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. வன்பரணர் பாடியிருக்கிறார். வில் என்ன மரம், எங்கே வாங்கியது, என்ன விலை என்று மனுசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு இலங்கையில் ஓரி அந்த அம்பை விட்டிருந்தால், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் யானைக்கு ஒரு வழக்கு, மானுக்கு ஒரு வழக்கு, உடும்புக்கும் ஒரு வழக்கு. வன்பரணர் முதலாம் சாட்சி.

உருப்படியான பதில் றொபேட் நொக்ஸிடம் கிடைத்தது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி ராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்த வெள்ளைக்காரன். 1681இல் அச்சான அவனது புத்தகத்தில் வேடர்கள் அம்பு வாங்கும் விதம் வருகிறது. இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், அம்புமுனை எந்த வடிவில் வேண்டுமோ அந்த வடிவில் வெட்டிய ஒரு இலை. கொல்லன் அதன்படி செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இன்னொரு இரவில் அம்பே வரும். வாடிக்கையாளர் குறைகேள் பிரிவு இவ்வளவு சுருக்கமாக அதற்குப் பிறகு எங்கும் இயங்கியதில்லை.

கவனித்தீர்களா? காட்டை அறிந்தவன் இறைச்சியைக் கொடுத்தது வில்லுக்கு அல்ல, அம்புக்கு. வில்லைக் காட்டு மரத்தில் தானே வளைத்துக்கொண்டான். அதில் விசயம் இருக்கிறது. நாணை விட்ட கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை. வளைந்து, நெளிந்து, வில்லின் தண்டைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அந்த வளைவு வில்லின் பலத்துக்குப் பொருந்தவேண்டும். பொருந்தாத அம்பை ஆயிரம் டொலர் வில்லில் வைத்தாலும் அது பக்கத்து வளவுக்குத்தான் போகும்.

இவ்வளவும் தெரிந்தபின் வில்லின் விலை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மலிவு வில் என்பது அந்தக் கோணல் கூடம். குறி தப்பினால் ‘இந்த வில்லில் இவ்வளவுதான் வரும்’ என்று மானத்தோடு வீட்டுக்கு வரலாம். விலை கூடிய வில் அந்த வசதியைப் பறித்துவிடும். வில் சரி, நாண் சரி, காற்றும் இல்லை. பிறகு பிழை யாரில்? மனிதன் ஆயிரம் டொலர் கொடுத்துத் தன் கையாலாகாத்தனத்துக்கு அத்தாட்சிப் பத்திரம் வாங்கலாமா?

“தம்பி, கையில இருக்கிற வில்லோட ஒரு வருசம் நாள் தவறாமல் பழகு. காசு கிடந்து உறுத்தினால் பொருத்தமான நல்ல அம்பாய் வாங்கு. வில்லில ஒரு பிழையும் சொல்லேலாமல் போற நாளில புது வில்லை வாங்கு” என்று எழுதிப் போட்டேன். இதைவிடச் சிறந்த புத்தி அவனுக்கு இருநூறு டொலர் கட்டினாலும் கிடைத்திராது.

மறுமொழி வந்தது. வில்லுக்கு வைத்திருந்த காசில் முதற்தரமான அம்பு ஒரு டசின் வாங்கிவிட்டானாம். அத்தான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாம், வில்லில் ஒரு குற்றமும் இல்லையாம். இந்தக் கடைக்காரனின் அம்புதான் சரியில்லையாம். இதைவிடத் திறமான அம்பு எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருந்தான்.