கண்ணாடி போட்ட கும்பிடு

பிளஸ் ஒன் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறவன் நான். ஆண்டுதோறும் தேய்மானம் என்றொரு பாடம் வரும். பத்து லட்சத்துக்கு வாங்கிய இயந்திரம், ஆண்டுக்குப் பதினைந்து விழுக்காடு தேய்ந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் மதிப்பு என்ன? இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பிள்ளைகளும் பதில் எழுதி வருகிறார்கள். ‘சார், இயந்திரத்தின் விலை குறைந்தால் அதன் நட்டு, போல்ட்டு விலையும் சேர்ந்து குறையுமா?’ என்று ஒருவன்கூடத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு நான்கு லட்சம் மிஞ்சியிருக்கும்.

திருவனந்தபுரத்தில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் அதைப் பார்த்தேன். ஜெர்மன்காரன் செய்த கூபே. இரண்டே கதவு. புதிதாக இறங்கியபோது 60 லட்சத்துக்கு மேல். பன்னிரண்டு வயது ஆனபின் 11 லட்சம். நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ‘குறைந்து செல் மதிப்பு முறை’ கண்முன்னே கறுப்பு பெயின்ட் அடித்து நின்றது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூபே என்றால் ரயிலில் முதல் வகுப்பில் இரண்டு பேர் படுக்கிற அறை. பிரெஞ்சு மொழியில் ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். அந்தக் காலத்துக் குதிரை வண்டியில் எதிரும் புதிருமாக இருந்த இருக்கைகளில் ஒன்றை வெட்டி எடுத்து, இரண்டு பேருக்கு மட்டும் என்று ஆக்கியதால் வந்த பெயர். இருக்கையை மட்டுமா வெட்டுவார்கள் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

கடைக்காரர் கதவின் பிடியைத் தொட்டார். சட்டமில்லாத ஜன்னல் கண்ணாடி தானாக ஒரு விரற்கடை இறங்கியது. கதவைச் சாத்தியதும் மெல்ல ஏறி ரப்பருக்குள் போய் அடங்கியது. பெரிய மனிதர் ஒருவர் நம்மைப் பார்த்துத் தலை தாழ்த்தி ஒரு கும்பிடு போட்ட மாதிரி இருந்தது. இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்கு அப்படி யாரும் கும்பிடு போட்டதில்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வண்டி வடசேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“ஏ மக்கா, ரெண்டு கதவுக்கு இம்புட்டு வெலையா? மீதி ரெண்டு கதவ எப்பத் தருவான்?”

சுசீந்திரம் கோயிலுக்குப் போகலாம் என்று அவளைப் பின்சீட்டில் ஏற்ற முயன்றோம். முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிய வைத்து, ஒரு காலை உள்ளே விட்டு, மறு காலை நான் பிடித்து... ஏறிவிட்டாள். இறங்கத்தான் முடியவில்லை. தாணுமாலயனை அவள் காருக்குள் இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். போகும் வழியில் வேகத்தடைகள் வேறு. வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூடக் கிடையாது. ஒவ்வொரு தடையையும் நண்டு மாதிரிச் சாய்வாகக் கடந்தேன்.

கேரளத்துத் தடையில்லாச் சான்று, ஆயுள் வரி எல்லாம் முடிந்து டி.என். 74 கிடைத்த மூன்றாம் மாதம், ஒரு காலையில் வண்டி இடது முன்காலை மடக்கி மண்டியிட்டுக் கிடந்தது. ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் ஆசான் என்று கூப்பிடும் மெக்கானிக்கை வரவழைத்தேன். குமரி மாவட்டத்தில் ஆசான் என்றால் வர்ம ஆசான்தான் நினைவுக்கு வருவார். இவரும் ஏறக்குறைய அதே தொழில்தான். நாடி பார்க்க விரலுக்குப் பதில் ஸ்கேனர்.

“சாரே, இதுல ஸ்பிரிங் கெடையாது. ரப்பர் பையில காத்த அடச்சு வச்சிருக்கான். பை கீறிட்டு. ஒழுகுன காத்த நெரப்பி நெரப்பிக் கம்ப்ரசரும் கரிஞ்சு போச்சு.”

“ரப்பர்தானே?”

“ரப்பர்தான்.”

என் மைத்துனருக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம். ஷீட் கிலோவுக்கு 200 ரூபாயைத் தொட்டால் அன்று அவர் வீட்டில் பாயசம். அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் ஒரு ரப்பர் பைக்கு 1,10,000 ரூபாய் கொடுத்தேன். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு. கம்ப்ரசர் 65,000. செய்தி கேட்டு மைத்துனர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது ஆரல்வாய்மொழி. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்க, என் என்ஜின் மட்டும் கொதித்தது. தெர்மோஸ்டாட்டைச் சுற்றியுள்ள கூடு பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அப்பளம் மாதிரி நொறுங்கி, கூலண்ட் முழுக்க ரோட்டில். பழைய அம்பாசடர் என்றால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். டீக்கடையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, “சவம், இந்தக் காத்துலயும் ஆறலேன்னா இது வண்டியில்ல, அடுப்பு” என்றார். கொக்கி போட்டு இழுத்தால் முன்பக்கம் உடையும் என்று பலகை லாரி வந்தது. கூடு, தண்ணீர் பம்ப், லாரி எல்லாம் சேர்த்து 48,000.

பிறகு மழை. தென்மேற்கும் வடகிழக்கும் விட்டுவைக்காத ஊர் இது. வண்டியை வீட்டுப் புளியமரத்தடியில் நிறுத்துவேன். கூரைக் கண்ணாடியின் நான்கு மூலையிலும் மழைநீர் வடிய பென்சில் பருமனில் குழாய் உண்டு. புளிய இலையின் அளவுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரிக் குழாய். அடைத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே இறங்கி, கம்பளத்துக்கு அடியில் ஜெர்மன்காரன் பத்திரமாக ஒளித்துவைத்திருந்த கன்ட்ரோல் பெட்டியில் போய் நின்றது. சுந்தர ராமசாமி 1966-இல் எங்கள் ஊர்ப் புளியமரம் ஒன்றின் கதையை எழுதினார். எங்கள் வீட்டுப் புளியமரம் எனக்கு 38,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதியது.

அன்று டாஷ்போர்டில் கார்த்திகை தீபம் மாதிரி எல்லா விளக்கும் எரிந்தன. ஆசான் பேட்டரி வயரைக் கழற்றி, ஒரு பீடி பிடிக்கிற நேரம் பொறுத்து, மறுபடி மாட்டினார். பாதி விளக்குகள் அணைந்தன. வர்மத்தில் அடிபட்டு மயங்கினவனை இன்னொரு இடத்தில் தட்டி எழுப்புவதற்கு அடங்கல் என்று பெயர். இதுவும் அடங்கல்தான். மீதி விளக்குகளுக்குப் புது பேட்டரி வேண்டியிருந்தது. அதையும் மாட்டினால் போதாது, ‘புது ஆள் வந்திருக்கிறார்’ என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 29,000.

பில்லை நீட்டும்போது ஆசான் சொன்னார்: “சாரே, வெசனப்படாதீங்க. நீங்க வாங்குனது பதினோரு லட்சத்து வண்டி இல்ல. அறுபது லட்சத்து வண்டி. பதினோரு லட்சத்துக்குக் கெடச்சுது, அம்புட்டுதான்.”

பாடப்புத்தகம் எழுதியவர்கள் விட்ட இடத்தை மூன்று வரியில் நிரப்பிவிட்டார். நொடித்துப்போன தறவாட்டு வீட்டைச் சல்லிசாக வாங்கலாம். ஆனால் ஒரு உத்திரம் உளுத்தால் அதற்குத் தேக்குதான் போட வேண்டும். தேக்கு, வீட்டின் இப்போதைய விலையை விசாரித்துக்கொண்டு தன் விலையைக் குறைத்துக்கொள்வதில்லை.

அன்றிரவு பேரேடு போட்டேன். பதினான்கு மாதம், 6,000 கிலோமீட்டர், ரிப்பேர் 4,00,000. பெட்ரோல் நீங்கலாகக் கிலோமீட்டருக்கு 66 ரூபாய் சொச்சம். ஆட்டோவில் போயிருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம். அம்மையும் இறங்கித் தாணுமாலயனைப் பார்த்திருப்பாள்.

விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. தக்கலையிலிருந்து ஒருவர் வந்தார். மறைக்கக் கூடாது என்று பில் கோப்பை எடுத்து அவர் மடியில் வைத்தேன். மனைவி உள்ளிருந்து பல்லைக் கடித்தாள். அவர் கோப்பைப் புரட்டி, “எல்லாம் புதுசா மாத்திருக்கு, கொள்ளாம்” என்று மகிழ்ந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. எழுந்து போய்க் கதவின் பிடியைத் தொட்டார். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கிக் கும்பிடு போட்டது.

அவர் கையை எடுத்தார். சாத்தினார். மறுபடி திறந்தார். மறுபடி இறங்கியது.

“என்ன சாரே, கண்ணாடி தன்னால எறங்குது? இவ்வளவு செலவு பண்ணுனீங்க, இத மட்டும் பாக்காம விட்டுட்டேளே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அந்த வண்டியில் இன்றுவரை ரிப்பேர் ஆகாத ஒரே பாகம் அது.