ஊசி கக்கிய குழந்தை

கேள்வி: எங்கள் ஊரில் நாலு நாள் காய்ச்சல் விடவில்லை என்றால் 'சேதபடி' (சூனியம்) என்று கிளப்பிவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் நாட்டில் இதெல்லாம் உண்டா?
– ஒரு வாசகி, வரதய்யபாளையம்

பதில்: உண்டாவா? நீதிமன்றம் வைத்தே தலையை வெட்டினார்களே அம்மா!

சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் அன்னா கோல்டி என்று ஒரு வேலைக்காரி. எஜமானர் மருத்துவர், ஊர்ப் பெரிய மனிதர். அவர் மகள் குடிக்கும் பாலில் ஊசி கிடந்தது, பிறகு குழந்தையே ஊசி ஊசியாகக் கக்கினாள் என்று புகார். பிடித்துச் சித்திரவதை செய்ததும் அன்னா 'ஒப்புக்கொண்டார்'. (அந்த வைத்தியம் செய்தால் நானும் ஒப்புக்கொள்வேன்.) 1782 ஜூனில் வாளால் வெட்டினார்கள். தீர்ப்பில் சூனியம் என்று எழுத வெட்கம். 'விஷம் வைத்தவள்' என்று எழுதினார்கள். இத்தனைக்கும் குழந்தை பிழைத்துக்கொண்டது! கிளாரஸ் சட்டசபை அன்னாவை நிரபராதி என்று அறிவித்தது 2008இல். 226 வருஷம். நம் கோர்ட் வாய்தாவே தேவலை.

சிரித்துவிட்டு இந்தப் பக்கமும் பாருங்கள். சூனியக்காரி என்று பழி சுமத்துவதைத் தடுக்கவென்றே பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. அங்கே மாட்டுகிறவர்களில் நிறைய பேர் விதவைகள்; காய்ச்சல் ஒரு சாக்கு, கண் அவர்கள் நிலத்தின் மேல். சூனியக்காரி என்று அடித்து விரட்டப்பட்ட சுட்னி மஹதோ, அப்படி மாட்டிய பெண்களை மீட்கக் கிளம்பினார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளப்பிவிடுகிறவருக்குப் பக்கத்து நிலம் யாருடையது என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள்.