என் நிலத்தில் தண்ணீர் நிற்காது

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பூர்வீகம் உண்டு. அப்பா அதில் நெல் போட்டார், மல்லாட்டை போட்டார், கொஞ்சம் கடனையும் போட்டார். விழுப்புரத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தே தலை நரைத்த நான், அதில் மனை போடுவதென்று தீர்மானித்தேன். எங்கள் இருவருக்கும் வித்தியாசம் ஒன்றுதான். அந்த நிலத்துக்குத் தண்ணீர் வரும் என்று நிரூபிக்க அவர் ஆயுள் முழுக்கப் பாடுபட்டார். வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சங்கடம் என்னவென்றால், அவர் நிரூபித்தே விட்டார். ஏரி மதகிலிருந்து எங்கள் வரப்போரமாக வரும் வாய்க்காலைப் பங்காளி ஒருவர் மண்ணைத் தள்ளி மூடப் பார்க்க, அப்பா கோர்ட்டுக்குப் போய், வாய்க்கால் வாய்க்கால்தான் என்று தீர்ப்பு வாங்கினார். அந்த நகல் இன்றும் எங்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. நாலு கல்லை நட்டு, வெள்ளையடித்து, ஏதாவது ஒரு 'நகர்' என்று போர்டு வைத்து, வேனில் ஆள் கூட்டி வந்து பிரியாணி போட்டால் மனை விற்றுவிடும். 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் கதவைச் சாத்தியது. அடுத்த வருடம் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்பனையைத் தொடங்கியவர்களுக்கு மட்டும். அதிலும் ஏரி, வாய்க்காலில் விழுந்த மனைகளுக்கு இடமில்லை. நான் எதையும் ஊரே செய்து முடித்த பிறகு ஆரம்பிப்பவன். ஆகவே முறைப்படி நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

பூங்காவுக்குப் பத்தில் ஒரு பங்கு, சாலைக்கு இவ்வளவு என்று தானப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார்கள். கர்ணன் வம்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து வந்ததுதான் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று. என்.ஓ.சி.

நிலம் யாருடையது என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்பார். சென்ட் என்ன விலை என்று புரோக்கர் கேட்பார். வாசல் கிழக்கா என்று வாங்க வருகிறவர் கேட்பார். இங்கே வருகிற மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும் என்று கேட்கும் ஒரே ஆள் நீர்வளத்துறைப் பொறியாளர். அவர் கிராம வரைபடத்தை விரிப்பார், புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் ஒத்துப் பார்ப்பார், ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நிற்கும், கலிங்கல் வழிந்தால் எங்கே பாயும், அதற்கு உங்கள் நிலம் மேடா பள்ளமா என்று லெவல் எடுப்பார். பிறகுதான் அறிக்கை மேலே ஏறும்.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் மோட்டார் கொட்டகைக்கு வெள்ளையடித்தேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியதே, அந்தச் சேற்றுக்கோடு சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. படிக்கிற பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் பொறியாளருக்கு. முக்காலியை நிறுத்தி, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி நிக்குமா சார்?" என்றார்.

"ஒரு சொட்டு நிக்காது."

அவர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நான் வாங்கிய சுண்ணாம்பு முன்பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. அளவுகோலை அந்தக் கோட்டுக்கு நேராக வைக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரம் பார்த்து ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்தது நான்தான்.

"வாய்க்கா தண்ணியா? எங்க சார், வருசத்துல நாலு நாளு ஓடும். அந்த நாலு நாளும் இந்தப் பக்கம் ஆளுங்க வர முடியாது, அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினேன். "தளவானூர்ல தென்பெண்ணைக்குக் குறுக்கே 25 கோடி ரூபாய்ல இவங்க கட்டின தடுப்பணை, 2020-ல திறந்து, 2021 ஜனவரியில உடைஞ்சது. இவங்க எனக்கு வெள்ளத்தப் பத்திச் சொல்ல வந்துட்டாங்க!"

"ஏங்க, அவ்வளவு கான்கிரீட் போட்டே கேக்காத தண்ணி, நீங்க வெள்ளையடிச்சா கேக்குமா?" என்றாள். போதாக்குறைக்கு, விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏரியில போயி பஸ் ஸ்டாண்ட் கட்ட எவன்டா அனுமதி கொடுத்தான்" என்று நான் கத்தியதையும் நினைவுபடுத்தினாள். இவளுடைய ஞாபகசக்தியைப் பெண் பார்க்கப் போனபோதே விசாரித்திருக்கலாம்.

இதற்கிடையில் கீழ்ப்பக்கத்து நிலக்காரர் லாரி லாரியாகக் கிராவல் அடிக்க ஆரம்பித்தார். அவரும் மனைதான். மேடாக்குவதில் தப்பில்லை, பல இடங்களில் துறையே அதைத்தான் நிபந்தனையாகப் போடும். இன்ன உயரத்துக்கு மண் அடி, வாய்க்கால் அகலத்தைக் குறைக்காதே, குறுக்கே பாலம் வேண்டுமானால் அனுமதி வாங்கி உன் செலவில் கட்டு, சாக்கடையை அதில் விடாதே என்றெல்லாம். ஆனால் இந்த மனிதர் கிராவலை வாய்க்காலுக்குள்ளேயே கொட்டினார். அங்கே அடைத்தால் தண்ணீர் எங்கே திரும்பும்? என் மனைகளுக்குள். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த நாட்டில் நீர்நிலைகளைக் கேட்பாரே இல்லையா?

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். பொருந்துமோ பொருந்தாதோ, 2007-ஆம் வருடத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு வரி சேர்த்தேன். 'தொன்றுதொட்டு வற்றாது ஓடிவரும் வாய்க்கால்' என்று எழுதும்போது கையே சிலிர்த்தது. ஆதாரத்துக்கு, பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த தீர்ப்பு நகலை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன்.

கலெக்டர் ஆபீஸ் மனு அங்கேயே இருந்துவிடாது, சம்பந்தப்பட்ட துறைக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அது எந்த மேஜைக்குப் போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அடுத்த தடவை போனபோது அந்த இளைஞர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மேஜையில் இரண்டு கோப்புகள். ஒன்றில் என்.ஓ.சி.க்காக நான் எழுதிக் கொடுத்த பிரமாணம்: நிலத்தை ஒட்டி நீரோட்டம் ஏதும் இல்லை. இன்னொன்றில் அப்பாவின் தீர்ப்பு.

"சார், ரெண்டுக்கும் நான்தான் ரிப்போர்ட் எழுதணும். இல்லாத வாய்க்காலுக்கு முதல்ல எழுதட்டுமா, அடைச்ச வாய்க்காலுக்கு எழுதட்டுமா?"

"எது சீக்கிரம் முடியுமோ அது" என்றேன்.