ஒரு பக்கத்துக்கு ஓராயிரம் வரி

கடையின் முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம். அவ்வளவுதான் அந்த இணையதளம். முன்பெல்லாம் இதை யாராவது சர்வரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். என்ன பொறுப்பின்மை!

2014-ல் டெராஃபார்ம் என்ற, கிளவுட் வசதிகளை நிரல் எழுதியே அமைக்கும் கருவி வந்த பிறகு நாகரிகம் வளர்ந்துவிட்டது. கிளவுடில் கையால் பட்டனை அழுத்துவது பாவம். எல்லாம் நிரலாக எழுதப்பட வேண்டும். முதலில் நெட்வொர்க், அதற்குள் சப்நெட், பிறகு லோட் பேலன்சர், கூட்டம் கூடினால் தானே பெருகும் சர்வர்கள். இதுவரை தளத்துக்கு வருவதாகச் சொன்னவர் கடைக்காரரின் மைத்துனர் மட்டுமே. அதனாலென்ன, அவர் குடும்பத்தோடு வந்தால்?

எது இருக்கிறது என்பதை டெராஃபார்ம் தன் ஸ்டேட் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த ஃபைல் தொலைந்தால் சர்வர் ஓடும், பில்லும் வரும். டெராஃபார்ம் மட்டும் அவற்றை அறியாது. ஞானிகளுக்கே வாய்க்காத பற்றின்மை. 'டெஸ்ட்ராய்' என்று ஆணையிட்டு, கேட்டதும் 'யெஸ்' என்றால் போதும், அத்தனையும் மாயம். ஊழிக்கூத்துக்குக்கூட இத்தனை பணிவு கிடையாது.

மனிதக் கையை நம்பாததும் சரிதான். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாகத் தட்டியதில் அதன் கிளவுட் சேமிப்பகமான எஸ்3 சேவை சில மணி நேரம் படுத்துவிட்டது. படுத்ததை அறிவிக்க வேண்டிய பலகையும் எஸ்3-ஐயே நம்பியிருந்ததால் அதிலும் உடனே எதையும் மாற்ற முடியவில்லை.

நம் தளம் இன்னும் டெராஃபார்மின் 'பிளான்' கட்டத்தில்தான் இருக்கிறது. கடை திறந்திருக்கிறதா என்று அறிய விரும்புவோர் தயவுசெய்து போன் செய்யுங்கள். நம்பர் தளத்தில் இருக்கும்.